காய்ந்தால் தெரியும் கோடு

எங்கள் பல் டாக்டர் யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார், வாயைப் பார்த்துத்தான் பேசுவார். வேலை கேட்டுப் போன முதல் நாள் எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. வீட்டுக்கு வந்து, அந்த ஆள் பார்வையே சரியில்லை, நான் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவரே ஆள் அனுப்பினார். என் முன்பல்லில் யாரோ அடைத்திருந்த அடைப்பு வெள்ளையடித்த சுவர் மாதிரி தனியாகத் தெரிகிறதாம், அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசே சரியில்லையாம். வேலைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொண்டு போகச் சொன்னார். போனேன், மாற்றினார். அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறேன்.

வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் கிளினிக். முதல் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டாவதில் பல் பார்க்கிற நாற்காலி, அதன் இடப்பக்கம் பெரிய ஜன்னல். பின்கதவைத் திறந்தால் சமையலறை. டாக்டர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவர் எல்லோருக்கும் டீச்சர்தான், டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். டீச்சர் ஒரு கணக்கைத் தப்பு என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரே பெண். பாப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் கல்யாணமாகிப் போன பிறகும் அவள் பாப்பாதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை என் மேஜையில் போட்டுவிட்டு, "அக்கா, இன்னைக்கு எத்தனை பேரு அழுதாங்க?" என்று கேட்கிற பெண்ணாக அவளை எனக்குத் தெரியும்.

உடைந்த பல்லில் பல் நிறத்திலேயே பசை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்குவது எல்லாப் பல் டாக்டரும் செய்கிற வேலைதான். எங்கள் டாக்டருக்கு அது பிடிவாதம். ஆள் வந்து உட்கார்ந்ததும் முதலில் நிறம் பார்த்தாக வேண்டும். ஊசி, பஞ்சு எதுவும் அதற்கு முன்னால் கூடாது. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்துவிடும், காய்ந்த பல் வெளுத்துவிடும். அந்த வெளுப்புக்குப் பொருத்தமாகப் பசை வைத்தால், மறுநாள் பல் நனைந்து சொந்த நிறத்துக்குத் திரும்பியதும் அடைத்த இடம் மட்டும் வெள்ளையாக இளித்துக்கொண்டு நிற்கும் என்பார். அதனால் ஈரம் காய்வதற்குள் விளக்கை அணைத்து ஜன்னலைத் திறப்போம். உதட்டுச் சாயம் பூசியவர்களைத் துடைத்துவிட்டு வரச் சொல்வோம். கண்ணைப் பறிக்கிற நிறத்தில் உடுத்தி வந்தவர்களுக்குக் கழுத்திலிருந்து சாம்பல் நிறத் துணியைப் போர்த்துவேன். எனக்கும் சாம்பல் கோட்டுதான்; அதைப் போட்டுக்கொண்டால் கண்ணாடியில் என்னையே எனக்கு அடையாளம் தெரியாது.

கொத்தாகக் கோத்த மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பல்லருகே பிடிப்பார். கொஞ்ச நேரம்தான் பார்ப்பார். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிவிடுமாம், பழகிய கண் பொய் சொல்லுமாம். சுவரில் ஒட்டிய சாம்பல் அட்டையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டு மறுபடி வருவார். அதிலும் திருப்தி வராது. பசையில் ஒரு துளியைப் பல்லிலேயே வைத்து விளக்கைக் காட்டுவார், இறுகினால் நிறம் மாறும் என்பதற்காக. உள்ளுக்கு ஒரு நிறம், அதற்கு மேல் ஒன்று, ஓரத்துக்கு வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இன்னொன்று. வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன்கூட இந்நேரம் ரெண்டு ரூமை முடித்திருப்பான் என்று ஒருவர் சொன்னார். அவரே முடித்துக்கொண்டு போகும்போது கண்ணாடியில் எந்தப் பல் என்று தேடிக்கொண்டிருந்தார். வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ, முடிந்த பின் ஒரு போட்டோ என்று டாக்டர் தன் போனில் எடுத்து வைத்துக்கொள்வார். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும்.

பாப்பா புருஷன் வீட்டிலிருந்து அன்று வந்தது ஒரு மத்தியான நேரம். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, காத்திருந்தவர்களைத் தாண்டி நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் கைக்குட்டையை எடுத்துப் பார்த்தார். மேல்வரிசை முன்பல் இரண்டில் இடப்பக்கத்தது பாதிக்கு மேல் கோணலாக உடைந்திருந்தது. உதட்டின் உள்பக்கம் கிழிந்து வீங்கியிருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று அவள் சொன்னாள். நான் அவள் தாடையைப் பார்த்தேன், உள்ளங்கையைப் பார்த்தேன், முழங்கையைப் பார்த்தேன். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. வழுக்கி விழுகிறவள் வாயை மட்டுமா கொண்டுபோய்த் தரையில் வைப்பாள்? டாக்டரும் அதையெல்லாம் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

நான் வழக்கம்போல் போட்டோவுக்காக அவர் போனை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"எம்பொண்ணு இந்த வாயோட ஒரு போட்டோல இருக்க வேணாம் சிஸ்டர்."

அந்த ஒரு வார்த்தையை நான் இன்று வரை நினைக்கிறேன். எடுத்தே ஆக வேண்டும் என்று நான் அடம்பிடித்திருக்கலாம். எனக்கும் அப்போது எடுக்கக் கூடாது என்றுதான் தோன்றியது.

வெளியே இருந்தவர்களை அனுப்பிவிட்டேன். அவ்வளவு நேரம் எடுத்து அவர் ஒரு பல்லைச் செய்து நான் பார்த்ததில்லை. பாப்பாவின் அந்தப் பல் லேசாகச் சாம்பல் ஓடினது, பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் மங்கல். அதன் கீழ் ஓரத்தில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அந்தப் பல் முளைத்தபோதே இருந்தது. அது உடைந்த துண்டோடு போய்விட்டது. டாக்டர் புள்ளி இருந்த இடத்தைக் கண்ணை மூடி யோசித்தார். வெள்ளைப் பசையை ஊசி முனையில் தொட்டு வைத்தார், பிடிக்கவில்லை, சுரண்டி எடுத்தார், மறுபடி வைத்தார். மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து இறுக்கித் தேய்த்த பிறகு, அந்தப் புள்ளி பழையபடி உள்ளிருந்து தெரிந்தது. பாப்பா கண்ணாடியில் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். டாக்டர் கைகழுவப் போய்விட்டார், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பாப்பா உதட்டு வீக்கத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். வழுக்கியதில் உதடு கடிபட்டுவிட்டது, பல் கொஞ்சம் போய் அப்பா சரி செய்துவிட்டார் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். டீச்சர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எந்தப் பல் என்று கேட்டார். டாக்டர் அதற்குச் சந்தோஷப்பட்டார், பாவம்.

அடுத்த முறை பாப்பா ஒரு பையோடு வந்தாள். இந்தத் தடவை முகத்தில் ஒன்றும் இல்லை. சமையலறையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று, மாப்பிள்ளை அந்த ஸ்டீல் டம்ளரை அவள் வாயோடு சேர்த்து அறைந்திருக்கிறான். அதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது, பின்னாலும் நடந்திருக்கிறது. வெளியே தெரியாத இடங்களில். இனிமேல் போக மாட்டேன் என்று சொன்னாள். டாக்டர் ஒரே வார்த்தையில் போக வேண்டாம் என்றார். டீச்சர் அடுப்பை அணைத்தார். பிறகு, ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்ய முடியாது, கல்யாணத்தைப் பேசி முடித்த மேனேஜர் வரட்டும், அவர் சொல்வதைக் கேட்போம் என்றார்.

டீச்சரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அறையில் யாராவது பேசுவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது. பாப்பாவோ அம்மா சொல்லாமல் ஒரு செருப்புக்கூட வாங்காத பெண். டீச்சர் மட்டும் 'இரு' என்று சொல்லிவிட்டால் அவள் இருந்துவிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த வாரம் முழுக்க அந்த வீடு காத்துக்கொண்டிருந்தது.

கிளினிக் விடுமுறை நாளில் வந்தார்கள். மேனேஜர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்தவர், எதையும் பூசி மெழுகி முடித்துவைப்பதில் கைதேர்ந்தவர். மாப்பிள்ளையோடு அவனுடைய அண்ணனும் வந்திருந்தார். நோயாளிகள் உட்காருகிற நாற்காலிகளிலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவரைத் தவிர உடைந்த பல்லைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று டாக்டர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தேன். மாப்பிள்ளை பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சாப்பிட்டான். அவ்வளவு அமைதியான முகம். அவனை ரோட்டில் பார்த்தால் நானே வழி கேட்பேன்.

அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று அவன் சொன்னான். டம்ளரும் இல்லை, பல்லும் உடையவில்லை, அவள் எந்தப் பாத்ரூமிலும் விழவில்லை. அம்மா வீட்டில் இருக்க ஆசை வந்துவிட்டது, அதற்கு ஒரு கதை. அவன் அண்ணன் கல்யாண போட்டோ ஒன்றைப் போனில் பெரிதாக்கி, பாப்பாவைச் சிரிக்கச் சொல்லி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வெள்ளைப் புள்ளி அப்பவும் இருக்கு, இப்பவும் இருக்கு. உடைஞ்சுபோன பல்லுல புள்ளி மட்டும் எப்படிங்க தங்கும்?"

அது தானே வைத்த புள்ளி என்று டாக்டர் சொன்னார். புள்ளியை யாராவது செய்து வைப்பார்களா என்று அண்ணன் சிரித்தார். மேனேஜரும் சிரித்துவிட்டார். வேலைக்கு முந்தைய போட்டோ எங்கே என்று கேட்டார்கள். எல்லோருக்கும் எடுக்கிற போட்டோ சொந்த மகளுக்கு மட்டும் இல்லை. நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். நீங்கள் இங்கே சம்பளம் வாங்குகிறவர் என்றார் அண்ணன். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும் என்றேன். இவரே எடுத்து இவரே படித்துக் காட்டுவாரா என்றார். எதைச் சொன்னாலும் அந்த ஆள் ஒரு பதில் வைத்திருந்தார்.

கடைசியில் மேனேஜர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். "டாக்டர், ஒண்ணே ஒண்ணு. பல்லு உடைஞ்சது நிஜம்னு எனக்குத் தெரிஞ்சா, தம்பி பொய் சொல்றான்னு ஆயிடுது. அப்புறம் பொண்ண அனுப்ப வேணாம்னு நானே சொல்லிடுறேன். தெரியலேன்னா, அவ கிளம்பட்டும். டீச்சரம்மா, சரிதானே?"

டீச்சர் தலையசைத்தார்.

டாக்டர் எழுந்தார். எல்லோரும் உள்ளே வாருங்கள், காட்டுகிறேன் என்றார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. காய்ந்தால் பல்தான் வெளுக்கும், பசை வெளுக்காது. நனைந்திருக்கும்வரை ஒன்றாகத் தெரிகிற இரண்டும் காயக் காயப் பிரியும். நடுவில் ஒரு கோடு வரும். அந்தக் கோடு வரக் கூடாதென்று ஆயுள் முழுக்கப் பாடுபட்டவர், அதை வரவழைக்கக் கிளம்பினார்.

பாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தோம். உதட்டை நான்கு பக்கமும் விலக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக்கை டாக்டர் அவள் வாயில் மாட்டினார். அதை மாட்டினால் யார் முகமும் பார்க்க நன்றாக இருக்காது. ஈறும் பல்லுமாக விகாரமாக இருக்கும். நான் எச்சில் உறிஞ்சுகிற குழாயை அவள் நாக்கடியில் பிடித்துக்கொண்டேன். டாக்டர் காற்றுக் குழாயால் அந்தப் பல்லில் ஊதிக்கொண்டே இருந்தார். பல் கூசியிருக்க வேண்டும், பாப்பாவின் கால்விரல்கள் மடங்கின. வாய் பிளந்து கிடக்கிற அவளைச் சுற்றி, புருஷனும் அவன் அண்ணனும் மேனேஜரும் அம்மாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் கழித்துப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். எனக்கு அந்தக் குழாயாலேயே அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பாப்பாவின் கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்க எனக்குக் கை ஒழியவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எதுவும் தெரியவில்லையே என்று அண்ணன் சத்தமாகச் சொன்னார். டாக்டர் காதில் அது விழவில்லை. அவர் அட்டையைப் பார்ப்பதும் பல்லைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு மெல்ல வந்தது. பல்லின் மேல்பாதி வெளுத்துக்கொண்டே போக, கீழ்ப்பாதி அப்படியே நின்றது. நடுவில் கோணலாக ஒரு கோடு, அன்றைக்கு நான் பார்த்த அதே உடைசலின் கோடு.

"வந்துடுச்சு," என்றார் டாக்டர். "சார், இங்க குனிஞ்சு பாருங்க."

மேனேஜர் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடியை முன்னறையில் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். இருங்கள் என்று எடுக்கப் போனார்.

அந்த இடைவெளியில் டீச்சர் கிட்டே வந்து குனிந்தார். ஜன்னல் வெளிச்சம் நேராக அந்தப் பல்லில் விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் பார்த்தார். அவர் கண் அந்தக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போனதை நான் பார்த்தேன். அப்புறம் நிமிர்ந்து, பிளந்து கிடந்த மகள் முகத்தைப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆண்களையும் பார்த்தார்.

"போதும். வாய மூடு பாப்பா. நாலு பேரு பாக்குற மாதிரியா இது?"

தானே அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றினார். முந்தானையால் அவள் வாயைத் துடைத்து, பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுத்தார். பாப்பா குடித்தாள். வறண்ட வாய், மடமடவென்று குடித்தாள். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தபோது பல் நனைந்து மினுங்கியது. வெள்ளைப் புள்ளி இருந்தது. கோடு இல்லை.

இன்னொரு தடவை காயவைத்தால் தெரியும், வாயைத் திற என்று டாக்டர் கெஞ்சினார். பாப்பா அவரைப் பார்க்கவே இல்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர், நீங்க பாத்தீங்க. சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் மடியில் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல," என்றார்.

பாப்பா நாற்காலியிலிருந்து இறங்கினாள். "வேணாம்ப்பா. திறந்து திறந்து வாய் வலிக்குது. நான் போறேன்."

அவ்வளவுதான். பையை அவளேதான் எடுத்துக்கொண்டாள். மேனேஜர் எல்லோருக்கும் நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். மாப்பிள்ளை டாக்டரிடம், "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். டாக்டர் காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே வாசல் வரைக்கும் வர முயன்றார். குழாய் இழுத்துப் பிடித்து அவரை நிறுத்தியது. அப்போதும் அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை அவருக்கு. டீச்சர் அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் பாப்பா போனில் நன்றாகத்தான் பேசினாள். நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், வெயில் அதிகம். டாக்டர் முன்போலவே வேலை செய்தார், ஆனால் முடித்த பல்லைப் போட்டோ எடுப்பதை விட்டுவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்கு முன்பல் அடைத்தபோது, அவன் அம்மா எந்தப் பல் என்றே தெரியவில்லை டாக்டர் என்று புகழ்ந்தாள். அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் பாப்பா வந்தாள். மாப்பிள்ளை வெளியூர் போயிருக்கிறானாம், சாயந்திரத்துக்குள் திரும்ப வேண்டுமாம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். டீச்சர் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தார், பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினார், எதையும் கேட்கவில்லை. சாப்பிட்ட பிறகு அவளே என்னிடம் வந்து, "அக்கா, பல்லு சுத்தம் பண்ணி ரொம்ப நாளாச்சு. அப்பா ஃப்ரீயா?" என்றாள். அப்பாவுக்கு ஏதாவது செய்ய ஒரு வாய்ப்புக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சுறுசுறுப்பாகக் கை கழுவிக்கொண்டு வந்தார். சுத்தம் செய்து முடித்து, மிச்சம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் காற்றை ஊதினார். வழக்கமாகச் செய்வதுதான். ஊதிக்கொண்டிருந்தவர் நின்றார். மறுபடி ஊதினார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் செய்த பல்லில் அந்தக் கோணல் கோடு மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், வலப்பக்கத்து முன்பல்லில், குறுக்காக இன்னொரு கோடு வந்தது. அது எங்கள் வேலை இல்லை.

டாக்டர் அட்டைப் பக்கம் திரும்பினார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு பாத்தாங்க?"

"எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு டாக்டர்ப்பா. புதுசா வந்திருக்காங்க."

டாக்டர் குனிந்து பல்லைப் பார்த்தார். மாதிரிப் பற்களை எடுத்தார், ஒன்றைப் பக்கத்தில் பிடித்தார், திரும்ப வைத்தார். பின்கதவில் டீச்சர் காபியோடு வந்து நின்றதை நான்தான் பார்த்தேன்.

"கலர் நல்லாச் சேத்திருக்காங்க," என்றார் டாக்டர்.

பாப்பா வாயைத் திறந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விளக்கை அணைத்து நகர்த்திவிட்டு, அவள் தாடையின் கீழ் ஒரு விரலை வைத்தார்.

"வாய மூடிக்க பாப்பா. பல்லு காயுது."